அரை விரல்

செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்
இருபத்தாறு இஞ்ச்சைத்தான் முதலில் உருட்டி வந்தார்.
"வளர்ற பிள்ளைங்க மேடம்,
ரெண்டு வருஷம் தாங்க வேணாமா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.
பாவாடைக்கு மூன்று விரல் மடிப்பு,
ஷூவின் நுனியில் பஞ்சு,
சீருடைச் சட்டைக்குள் இன்னொரு பிள்ளை நுழைய இடம்.
இன்னும் வராத பிள்ளைக்கு வாங்கி
வந்து நிற்கிற பிள்ளைமேல் மாட்டுகிறோம்.

யுவந்திகா ஏறி உட்கார்ந்தாள்.
கால் தரைக்கு வரவில்லை.
பிரேக்கைத் தேடிப் போன விரல்கள்
பாதி வழியில் நின்றுவிட்டன.
"புடிச்சிருக்கு" என்றாள்,
விழாமல் இருப்பதில் மட்டும் கவனமாக.

நான் ஜவ்வரிசி ஆலையில் எடை எழுதுகிறவள்.
மூட்டை தொண்ணூறு கிலோ,
எழுதாமல் ஒன்றையும் வெளியே விட்டதில்லை.
வண்டியைத் தராசில் வைக்கச் சொன்னேன்.
பதினாறு கிலோ எழுநூறு.
அவள் இருபத்தெட்டு.
அந்தக் கணக்குக்கு என் வண்டி
முப்பத்தெட்டு கிலோ இருக்கும்.
அதை ஏற்காட்டு மலையில்
என்னை மிதிக்கச் சொன்னவனை
எந்த வார்த்தையால் திட்டியிருப்பேன்
என்று யோசித்துக்கொண்டே
ஐந்து ரோடு வரை நடந்துவிட்டோம்.

அழகாபுரத்தில் ஒரு வீட்டில்
பையன் திடீரென்று உயர்ந்துவிட்டான்.
அவன் விட்டுவிட்ட இருபத்துநாலு இஞ்ச் அலுமினியம்
மாடிப்படிக்கு அடியில் கிடந்தது,
செயினில் பல்லி முட்டையோடு.

நான் அழுத்தினால் முன் ஷாக் இறங்கியது.
அவள் குதித்துக் குதித்து அழுத்தினாள்.
அது யாரோ பெரியவருக்காகக் காத்திருப்பதுபோல்
அசையாமல் நின்றது.
"வேலை செய்யாத ஷாக்கு வெறும் சுமைக்கா"
என்று கழற்றிப் போட்டார் ஜமீல்,
கோரிமேட்டுப் பட்டறையில்.
வெறும் ஃபோர்க் மாட்டியதில் ஒன்றரைக் கிலோ குறைந்தது.
மிதிக்கும்போது முட்டி நெஞ்சில் இடித்தது;
கோயம்புத்தூரிலிருந்து சின்ன கிராங்க் வந்தது,
என் ஒரு வாரச் சம்பளத்தை விழுங்கிக்கொண்டு.

கடைசியில்
பிரேக் பிடியின் உள்பக்கம்
மிளகு அளவில் ஒரு திருகாணி.
முப்பது ரூபாய்ச் சாவியால்
இரண்டு சுற்று.
பிடி மெதுவாக
அவள் விரல்களை நோக்கி வந்தது.

இதற்குக் காசே இல்லை.
இது அங்கே இருப்பதை
இத்தனை கடைகளில் ஒருத்தரும் சொல்லவில்லை.

நாகலூருக்கு மேலே
காபிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை.
மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள்,
சிவப்பு மண், முந்தின நாள் மழை.
"மெதுவா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
முதுகு மட்டும் தெரிந்தது,
பிறகு ஹெல்மெட்,
பிறகு செடிகள் ஆடுவது.
வளைவுக்கு அப்பால் கீச்சென்று ஒரு சத்தம்.
அதன் பின்னால் வர வேண்டிய சத்தத்துக்காக
மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றேன்.
வரவில்லை.
கீழே யாரோ தோட்டத்துக்காரர்
"ஏய் பாப்பா, வழி இந்தப் பக்கம்" என்றார்.

சீட்டை ஏற்றும்போதெல்லாம்
குழாயில் நகப்பூச்சால் கோடு போட்டாள்.
ஒவ்வொரு தடவையும் அரை விரல்.
ஆடிக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று,
காய்ச்சலில் படுத்து எழுந்ததும் ஒன்று.
ஆறாவது கோட்டுக்குக் கீழே
கம்பெனிக்காரன் செதுக்கிய கோடு வெளியே வந்தது.
"இதுக்கு மேல தூக்கக் கூடாதாம்மா."

மறுபடி செவ்வாய்ப்பேட்டை.
அதே மனிதர்.
இப்போது இருபத்தேழரையை உருட்டி வந்தார்.
அவள் ஏறவில்லை.
குனிந்து
பிரேக்கில் விரல் வைத்துப் பார்த்தாள்.

வீட்டில் லோகித்
பழைய வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
சீட்டை இறக்கினேன்.
ஆறு சிவப்புக் கோடும் ஒவ்வொன்றாகக்
குழாய்க்குள் போயின.
ஏறினான்.
கட்டைவிரல் நுனி மட்டும்
தரையைத் தேடிக்கொண்டிருந்தது.

"புடிச்சிருக்கும்மா" என்றான்.

சின்ன சாவியை எடுத்து வைத்தேன்.
இறங்குடா,
இன்னும் நாலு மாசம்.